பனியன் ஊருக்குப் புதிதாய் வந்த பிள்ளைக்கு

கண்ணு, அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக வரும் சாலை கோவை–கரூர் நெடுஞ்சாலையைத் தொடுகிற இடம் இந்த அவிநாசிபாளையம். ஒரு காலத்தில் தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினோம். இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் ரயிலில் வருகிறார்கள். நம் பக்கத்திலிருந்து நேற்று வந்திருக்கும் உனக்குச் சில சொல்கிறேன்.

1. முதலில் வாயைப் பழக்கு. இங்கே சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். உரிமையோடு நாம் சொல்லும் ‘வா, போ’ இவர்கள் காதில் சண்டையாக விழும். என் கூட்டாளி ஒருவனிடம் வீட்டுக்கார அம்மா மாதக்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. வாடகைப் பாக்கி என்று நினைத்திருந்தான்.

2. டெய்லருக்குக் கைமடியாக, அதாவது உதவியாளாக நிற்கும்போதே வேலையைக் கண்ணால் கற்றுக்கொள். ஆனால் டெய்லர் டீ குடிக்கப் போன நேரத்தில், கேட்காமல் அவருடைய ஓவர்லாக் மெஷினில் உட்காராதே. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நூல் அறுந்தால் கூலி அறுந்தது.

3. இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு உன் பங்கு 100 ரூபாய்க்கு 75 காசு. முதலாளி போடுவது மூன்றேகால் ரூபாய். விரலில் ஊசி ஏறிய அன்றுதான் அந்த 75 காசின் அருமை தெரிகிறது. அட்டையைக் கேட்டு வாங்கு. வெளிமாநிலத்துப் பிள்ளையிடம் ரேஷன் கார்டு பற்றியும் சொல். 2020 அக்டோபரிலிருந்து, ஊர்க் கார்டைக் காட்டி இங்கேயே அரிசி வாங்க வழி உண்டு.

4. செல்போனில் வருவதையெல்லாம் நம்பி அனுப்பாதே. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கோ, எதற்கோ நடந்த அடிதடிகளை இங்கே நடந்ததாகச் சொன்னார்கள். ஹோலி நேரம் என்பதால் ஸ்டேஷனில் எப்படியும் கூட்டம் இருக்கும். அதையும் படம் பிடித்து, பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். போலீஸ் மறுத்தது. பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசினார்கள். அந்த வாரம் எங்கள் லைன் வீட்டுப் பையன் ஒருவனின் அம்மா ஊரிலிருந்து போனில் அழுதார். வீட்டுக்கார அம்மா போனை வாங்கி, ‘பையன் நல்லா இருக்குதுங்க, சாப்டுதுங்க’ என்று தமிழிலேயே சொன்னார். மறுமுனையில் அழுகை நின்றது. எந்த மறுப்பறிக்கையும் அதைச் செய்திருக்காது. ஒரு வீடியோவை அனுப்பும் முன் பக்கத்து அறைக் கதவைத் தட்டிக் கேள், போதும்.

5. ‘வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துவிட்டான்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். சொல்பவரின் சொந்த ஊரைக் கேட்டுப் பார். பாதிப்பேர் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்பார்கள். எங்கள் தலைமுறை வந்தபோது உள்ளூர்க்காரர்களும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். கூலியை நிர்ணயிப்பது பக்கத்து மெஷின்காரன் இல்லை, கண்ணு. இங்கே என்ன ரேட் என்று அவனுக்குச் சொல்லிக்கொடு. தெரிந்த பிறகு எவனும் குறைவாகக் கேட்க மாட்டான்.

6. குழந்தையோடு வந்திருந்தால் வந்த வாரமே அரசுப் பள்ளியில் சேர்த்துவிடு. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருவதில்லை. ஐந்தாம் வகுப்புவரை காலைச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். காலை ஷிப்டுக்கு ஓடும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி! பள்ளிக்குப் போன பீகார்க் குழந்தைகள் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அப்பா அம்மாவுக்காகத் தமிழ் பேசுவதை நீயே பார்ப்பாய்.

தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் உன் லைன் வீட்டில் இருப்பார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அவர்களோடு உட்கார்ந்து, மூன்றாவதையும் ஆறாவதையுமாவது வாய்விட்டுச் சொல்.