சாந்தோரினித் தீவைக் காணும் முறை

உலகில் எரிமலைகள் பல உள. ஆனால் வெடித்து நொறுங்கிய ஓர் எரிமலையின் விளிம்பிலேயே வீடு கட்டி, திராட்சை பயிரிட்டு, வந்தாரை வரவேற்று வாழும் மக்கள் மிகச் சிலரே. கிரேக்க நாட்டைச் சேர்ந்த சாந்தோரினித் தீவினர் அத்தகையோர். ஏதென்ஸ் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், ஈஜியன் கடலில் பிறை வடிவில் கிடக்கிறது அத்தீவு. பரப்பு 76 சதுர கிலோமீட்டர் அளவே. மக்கள் தொகை சுமார் பதினைந்தாயிரம். இச்சிறு நிலத்தை 2023ஆம் ஆண்டில் காண வந்தவர்களோ ஏறத்தாழ 34 லட்சம் பேர்.

இத்தனை பேரும் எதைக் கண்டு திரும்புகின்றனர்? புவியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வி என்னுள் எழுந்தது. நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அத்தீவில் ஒரு நாளைச் செலவிட நேர்ந்தால் எந்த இடத்தை முதலில் காண்பது, எதை இறுதியில் காண்பது என்று ஒரு திட்டம் வகுத்தேன். அதுவே இக்கட்டுரை.

தனிச் சுற்றுலாவும் அதன் உரிமையும்

அங்கே சுற்றிப்பார்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, பேருந்தில் நாற்பது ஐம்பது பேரோடு செல்வது. இதில் இடமும் நேரமும் முன்பே முடிவாகிவிடும். மற்றொன்று தனிச் சுற்றுலா. ஒரு குடும்பமோ நண்பர் குழுவோ ஒரு காரை அல்லது சிறு வேனை ஓட்டுநருடன் சில மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்வது. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ விடுதி வாயிலிலோ வண்டி வந்து நிற்கும். எங்கே போவது, எங்கே தங்குவது, எதை விடுவது என்பதெல்லாம் பயணியின் விருப்பம்.

இங்கு ஒன்றை அறிந்துகொள்வது நலம். ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. தொல்லியல் இடங்களுக்குள் அழைத்துச் சென்று விளக்கும் உரிமை கிரேக்க நாட்டில் அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கே உண்டு. ஓட்டுநர் வாயிலில் காத்திருப்பார். ஆதலின் விளக்கம் வேண்டுவோர் வழிகாட்டியைத் தனியே அமர்த்த வேண்டும். இல்லையேல் படித்துக்கொண்டு போக வேண்டும்.

விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தும், பெரும்பாலோர் ஒரே பாதையில்தான் செல்கின்றனர். வடகோடியில் உள்ள ஈயா என்னும் ஊரின் வெண்மாடங்கள், நீலக் குவிமாடங்கள், மாலைக் கதிரவன் மறையும் காட்சி, இவற்றோடு பயணம் நிறைவு பெறுகிறது. அக்காட்சி அழகானதே. ஆயினும் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தவர் கதையை அறிந்தவர் ஆகார். தீவு தோன்றிய வரிசையிலேயே அதைக் காண வேண்டும் என்பது என் கருத்து. தெற்கே தொடங்கி வடக்கே சென்றால் அந்த வரிசை இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஈயா முதல் தென்முனை வரை தீவின் நீளம் இருபது கிலோமீட்டருக்குள்தான். ஒரு பகற்பொழுது போதும்.

முதலில் மலை

தீவின் மிக உயர்ந்த இடம் எலியா தீர்க்கதரிசியின் பெயர் தாங்கிய மலை. உயரம் சுமார் 565 மீட்டர். உச்சியில் 1711இல் நிறுவப்பட்ட துறவியர் மடம் ஒன்று உள்ளது. பயணத்தை இங்கே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இம்மலை எரிமலைப் பாறையால் ஆனதன்று; சுண்ணாம்புப் பாறையாலும் பளிங்கினாலும் ஆனது. எரிமலை பிறப்பதற்கு முன்பே கடலினின்று எழுந்து நின்ற பழைய நிலம் இது.

ஆப்பிரிக்க நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஈஜியன் பகுதியின் அடியில் புகுந்து செல்கிறது. ஆழத்தில் அத்தட்டினின்று வெளிப்படும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அவ்வாறு உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, இப்பழைய மலையின் அருகே பல லட்சம் ஆண்டுகளாக எரிமலைகளைக் கட்டியும் இடித்தும் வந்துள்ளது.

உச்சியிலிருந்து நோக்கினால் தீவின் அமைப்பு முழுதும் விளங்கும். கிழக்கே நிலம் மெல்லச் சரிந்து கருமணற் கடற்கரையில் முடிகிறது. மேற்கேயோ சுமார் 300 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை, அதன் கீழே கடல். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் உடைய அந்தக் கடற்பரப்புத்தான் எரிமலையின் பெருவாய். தெராசியா, அஸ்புரோனிசி ஆகிய தீவுகள் அதன் உடைந்த விளிம்பின் எஞ்சிய துண்டுகள்.

புதைந்த நகரம்

அடுத்து அக்ரோத்திரி. இங்கே 1967இல் ஸ்பிரிடன் மரினாத்தோஸ் என்னும் கிரேக்க அறிஞர் அகழ்வாய்வு தொடங்கினார். நுரைக்கல்லும் சாம்பலும் மூடிய படிவத்தின் அடியில் வெண்கலக் காலத்து நகரம் ஒன்று கிடைத்தது. இரண்டு மூன்று அடுக்கு வீடுகள், கல் பாவிய தெருக்கள், தெருவின் அடியில் கழிவுநீர்க் கால்வாய், மேல்மாடிக் கழிப்பறையிலிருந்து அக்கால்வாய்க்கு இறங்கும் சுடுமண் குழாய், தானியமும் எண்ணெயும் சேர்த்து வைத்த பெருந்தாழிகள் ஆகியவற்றை அங்கே காணலாம். மரினாத்தோஸ் 1974இல் அகழ்விடத்திலேயே உயிர் துறந்தார். பணி தொடர்ந்தது. 2005இல் புதிய கூரையின் ஒரு பகுதி சரிந்து பயணி ஒருவர் இறந்ததால் மூடப்பட்ட அவ்விடம் 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இத்தாலியின் பாம்பேயி நகரில் மாண்டோரின் உருவங்கள் கிடைத்தன. அக்ரோத்திரியில் வெடிப்பில் இறந்தோரின் எலும்புக்கூடு ஒன்றேனும் இதுவரை கிடைக்கவில்லை. விலையுயர்ந்த பொருள்களும் மிகச் சிலவே. 1999இல் கிடைத்த பொன்னாலான காட்டாட்டு உருவம் அவற்றுள் ஒன்று. முதலில் நிலநடுக்கம் வந்தது. மக்கள் இடிபாடுகளை ஒதுக்கி வீடுகளைச் செப்பனிடத் தொடங்கினர். அதன்பின் அபாயம் முற்றுவதை உணர்ந்து வெளியேறினர். இவ்வளவும் அங்குள்ள தடயங்களால் தெளிவாகிறது.

வெடிப்பு நிகழ்ந்த காலம் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. பானை வகைகளையும் எகிப்தியத் தொடர்புகளையும் கொண்டு கணித்தோர் கி.மு. 1500ஐ ஒட்டிக் கூறினர். நுரைக்கல்லில் புதைந்த ஓர் ஒலிவக் கிளையைக் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்தோர் கி.மு. 1627க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலம் என 2006இல் வெளியிட்டனர். இவ்வெடிப்பே கிரீட் தீவின் மினோவ நாகரிகத்தை அழித்தது என்று 1939இல் மரினாத்தோஸ் எழுதினார். ஆனால் கிரீட்டின் அரண்மனைகள் வெடிப்புக்குப் பின்னர், கி.மு. 1450 அளவில்தான் வீழ்ந்தன எனத் தெரிந்தமையால் அக்கருத்து வலுவிழந்தது.

நிலம் தந்த பிழைப்பு

அக்ரோத்திரிக்கு அருகே தென்கரையில் விலிகாதா உள்ளது. வெடிப்பில் படிந்த வெண்சாம்பல் அடுக்குகளைக் காற்றும் நீரும் செதுக்கிய பாறைச் சுவர்களை இங்கே காணலாம். நகரைப் புதைத்த பொருள் எது என்பது கையால் தொட்டு உணரும் அளவில் தெரியும். இதே மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்கடியிலும் இறுகும் காரை கிடைக்கும். 1859 முதல் 1869 வரை நடந்த சூயெஸ் கால்வாய்ப் பணிக்கு இம்மண் கப்பல் கப்பலாகச் சென்றது. ஐரோப்பாவுக்கும் நம் நாட்டுக்கும் இடையே கடல்வழியைச் சுருக்கிய கால்வாயில் இத்தீவின் சாம்பலும் உண்டு. அதற்காக மண் தோண்டியபோதுதான் தெராசியாவில் பழங்கால வீடுகள் முதன்முதலில் வெளிப்பட்டன.

பின்னர் வடக்கே திரும்பினால் மெகலோகோரி என்னும் சிற்றூர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். நம் பக்கத்தில் திராட்சைக்குப் பந்தல் போடுவோம். அங்கே கொடியைத் தரையோடு தரையாகக் கூடை போல வளைத்துப் பின்னுகின்றனர். பழங்கள் கூடைக்குள் காற்றுக்கும் வெயிலுக்கும் தப்பி வளர்கின்றன. மழை சொற்பம். இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு வேருக்குத் தருகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி இம்மண்ணில் வாழ இயலாததால் இக்கொடிகள் தப்பின. சிறு தக்காளியும், நம் நாட்டுக் கேசரிப் பருப்புக்கு உறவான ஒருவகைப் பருப்பும் இத்தீவின் மற்றைய விளைபொருள்கள். மரம் அரிதான நிலமாதலின் மக்கள் சாம்பற் பாறையைக் குடைந்து வளைகூரை வீடுகள் அமைத்தனர். மழைநீரை நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்தனர்.

நீர்ப்பஞ்சம் அவர்களுக்குப் புதிதன்று. ஏழாண்டு மழையின்மையால் வாடிய இத்தீவினர் சிலர் வட ஆப்பிரிக்கா சென்று சைரீன் நகரை நிறுவினர் என ஹெரோதோத்தஸ் கூறுகிறார். இன்று கடல்நீரின் உப்பை நீக்கித்தான் பெருமளவு நீர் பெறுகின்றனர். பயணி விடுதியில் திறக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் இந்த உழைப்பு நிற்கிறது.

ஃபிராவும் ஈயாவும்

தலைநகர் ஃபிராவில் அக்ரோத்திரியின் கண்டெடுப்புகளைக் கொண்ட அருங்காட்சியகம் உண்டு. திறக்கும் நேரத்தை முன்னரே அறிந்து செல்லல் வேண்டும். அங்குள்ள சுவரோவியங்களுள் பாறைமேல் தாவும் நீலக் குரங்குகள் நமக்குச் சிறப்பானவை. அவை இந்தியத் துணைக்கண்டத்து மந்திகளை ஒத்தவை என்று அண்மையில் சில ஆய்வாளர்கள் கருத்துரைத்துள்ளனர். அது உறுதிப்படுமானால், சிந்துவெளிக்கும் ஈஜியன் கடலுக்கும் இடையே நிலவிய தொடர்புக்கு அது மற்றொரு சான்றாகும்.

ஃபிராவின் விளிம்பில் நின்றால் பெருவாயின் நடுவே கருநிறத் தீவுகள் இரண்டு தெரியும். பலெயா கமெனி, நெயா கமெனி என்பன அவற்றின் பெயர்கள்; எரிந்த பழைய தீவு, எரிந்த புதிய தீவு என்பது பொருள். நெயா கமெனி 1707இல் கடலினின்று எழத் தொடங்கியது. கடைசி வெடிப்பு 1950இல் நிகழ்ந்தது. எனவே இந்த எரிமலை இறந்துவிடவில்லை, உறங்குகிறது. 1650இல் தீவுக்கு வடகிழக்கே கடலடி எரிமலை ஒன்று வெடித்து நச்சுக்காற்றாலும் அலையாலும் எழுபது பேர் வரை மாண்டனர். 1956 ஜூலை 9இல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடிழந்தோர் பலர் ஏதென்ஸ் நோக்கிப் புலம்பெயர்ந்தனர். இன்று நாம் படங்களில் காணும் ஈயா, அந்த இடிபாடுகளிலிருந்து மீண்டும் எழுப்பப்பட்ட ஊர்.

இவ்வளவும் அறிந்த பின் ஈயாவுக்குச் செல்வோம். வண்டி ஊருக்கு வெளியே நின்றுவிடும். சந்துகளில் நடந்தே செல்ல வேண்டும். கண் முன் விரியும் நீலக் கடல் ஒரு மலை இருந்த இடம் என்பது அப்போது நினைவுக்கு வரும். கூட்டம் நெருக்கும் மாலை நேரத்துக்கு முன்பே பார்த்து முடித்து, கதிரவன் மறைவதை வழியில் உள்ள இமரோவிக்லியிலிருந்து காணலாம்.

மாற்றிக்கொள்ளும் வகை

இத்திட்டம் எல்லார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. மொழித்துறை நண்பர் விலிகாதாவை விடுத்து, மேசா வூனோ குன்றின் மேலுள்ள பழைய தெரா நகரைக் காணலாம். கிரேக்க எழுத்தின் மிகப் பழைய வடிவங்கள் சில அங்கே பாறையில் வெட்டப்பட்டுள்ளன. பொருளாதார மாணவர் தோட்டங்களில் கூடுதலாக ஒரு மணி நேரம் செலவிடலாம். முதியோரை அழைத்துச் செல்பவர் படிகள் மிகுந்த இடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். ஃபிராவின் பழைய துறைமுகத்துக்கு ஏறத்தாழ 590 படிகள் இறங்க வேண்டும். கழுதைமேல் ஏறுவதினும் கம்பிவட ஊர்தியில் செல்வது மேல். ஒரு விலங்கின் மேல் 100 கிலோவுக்கு மிகாமல் ஏற்ற வேண்டும் என 2018இல் அரசே விதி செய்ய நேர்ந்தது.

முடிவுரை

2025 ஜனவரி இறுதியிலிருந்து பல வாரங்கள் அத்தீவைச் சூழ்ந்த கடலடியில் ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. பள்ளிகள் மூடப்பட்டன, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். நிலத்தடியில் பாறைக்குழம்பு நகர்ந்ததே காரணம் எனப் பின்னர் ஆய்வுகள் விளக்கின. எரிமலை வெடிக்கவில்லை; மக்கள் திரும்பி வந்தனர். அதே ஆண்டு ஜூலை முதல், பெருங்கப்பலில் வந்து இறங்கும் பயணியரிடம் கிரேக்க அரசு கட்டணம் பெறத் தொடங்கியது. நாளொன்றுக்குக் கப்பலில் வருவோர் தொகையை 8,000 என வரையறுக்கவும் முயற்சி நடந்தது.

அக்ரோத்திரியின் மக்கள் வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோதே புறப்பட வேண்டியிருந்தது. இன்றைய தீவினரும் தம் பிழைப்பையும் அபாயத்தையும் ஒரே மண்ணில் வைத்துக்கொண்டு வாழ்கின்றனர். அவர்களுடைய ஊரை ஒரு மாலைக் காட்சிக்கான மேடையாக மட்டும் கருதிச் செல்வது அவர்களுக்கும் நன்றன்று. பொருள் செலவழித்துச் செல்லும் நமக்கும் நட்டம். நம் கல்லூரி நண்பர் யாரேனும் பிற்காலத்தில் அத்தீவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றால், கோடைக் கூட்டத்தைத் தவிர்த்து வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ செல்லட்டும். ஓட்டுநர் எங்கே போகலாம் என்று கேட்கும்போது, முதலில் எலியா மலைக்கு என்று சொல்லட்டும்.