இரவுப் பூச்சும் போர்வெல் தண்ணீரும்

இரவில் முகத்தில் தடவிக்கொண்டு படுக்கச் சொல்லி விற்கப்படும் க்ரீம்கள் எல்லாமே ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன: விடிந்து எழுந்தால் வறண்ட முகம் தளதளவென்று இருக்கும். அந்த வாக்குறுதியை நான் பாதிதான் நம்புகிறேன். முகம் மிருதுவாகும் என்பது சரி. அதற்குக் காரணம் டப்பாவுக்குள் இருக்கும் அபூர்வப் பொருள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பூசுவதற்கு முன் முகத்தை எந்தத் தண்ணீரில், எதைப் போட்டு, எவ்வளவு தேய்த்துக் கழுவினோம், கழுவிய ஈரம் காய்வதற்குள் பூசினோமா என்பவைதான் பலனில் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன. மதுரையில் கோரிப்பாளையத்தையும் செல்லூரையும்போல வைகையின் வடகரையில் நெருக்கி நெருக்கி வீடுகள் நிற்கும் பகுதியில், புழங்குவதற்குப் போர்வெல்லின் உப்புத் தண்ணீர் என்று ஆகிவிட்ட வீடுகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

வறட்சி என்றதும் எண்ணெய்ப்பசை போதவில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தவறு என்று 1952இலேயே அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் காட்டிவிட்டார். காலில் காய்த்துப்போன தோலின் துண்டுகளை எடுத்து, நன்றாக உலரவிட்டு, எண்ணெயில் ஊறப் போட்டார். எவ்வளவு ஊறியும் அவை மொறமொறவென்றே இருந்தன. தண்ணீர் பட்டதும் இளகிவிட்டன. தோலின் மேலடுக்கு வளைந்து கொடுக்க வேண்டுமானால் அதில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் நீர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால்தான் செதிலும் வெடிப்பும். இந்த அடுக்கு இறந்துபோன செல்களால் ஆனது. செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்து பூசப்பட்டிருக்கின்றன. பீட்டர் இலையாஸ் என்ற தோல் மருத்துவ ஆய்வாளர் இதைச் செங்கல்லும் சாந்தும் என்று விளக்கினார். சாந்து கரைந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும். கில் யோசிபோவிச் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நீரிழப்பு காலையைவிட மாலையிலும் இரவிலும் அதிகம் என்று தெரியவந்தது. இரவுப் பூச்சுக்கு உண்மையான நியாயம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான். முகத்துக்கு எதையும் ஊட்டுவதற்காக அல்ல, போகிற தண்ணீரை மறிப்பதற்காக இரவில் பூசுகிறோம்.

அப்படியானால் சாந்தைக் கரைப்பது எது? இந்த ஊரில் நான் முதல் குற்றவாளியாகச் சொல்வது சோப்பையும் உப்புத் தண்ணீரையும் சேர்த்துத்தான். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் அளவு ஏறக்குறைய 5. கட்டிச் சோப்பு காரம், அதன் பிஎச் 9, 10 என்று போகும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நுரைக்காமல் திரிந்து, வெள்ளையாகப் படியும். வாளியின் விளிம்பில் படிகிற அதே அழுக்குப் படலம்தான் கன்னத்திலும் ஒட்டுகிறது. நுரை வரவில்லையே என்று இன்னொரு முறை சோப்பைத் தேய்க்கிறோம், கேடு இரட்டிப்பாகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த, 2018இல் வெளியான ஆய்வும் கடினத் தண்ணீரில் கழுவும்போது சோப்புப் பொருள் தோலில் அதிகமாகத் தங்குகிறது, எரிச்சலைக் கூட்டுகிறது என்று கண்டது. அதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்க ஓட வேண்டாம். கரப்பான் (எக்சிமா) நோயுள்ள 336 குழந்தைகளை வைத்து அதே நாட்டில் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனையில், அந்தக் கருவி பொருத்திய வீடுகளுக்கும் பொருத்தாத வீடுகளுக்கும் நோயின் அளவில் வித்தியாசம் தென்படவில்லை. கருவிக்குப் பதிலாகச் சோப்பைக் குறைப்பது எளிது: முகத்துக்கு மட்டும் ஒரு செம்பு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்வது, இரவில் ஒருமுறை மட்டும் சோப்பில்லாத மென்மையான கழுவுதிரவம், காலையில் வெறும் தண்ணீர். இதைச் செய்யாமல் எந்த க்ரீமையும் சோதித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

மதுரை வெக்கை பிடித்த ஊர், இங்கே வியர்வையைத் துடைக்கவே நேரம் போதவில்லை, இதில் க்ரீம் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெக்கை வேறு, ஈரப்பதம் வேறு. சென்னைபோல் கடலோர ஊரல்ல இது. ஆடி மாதத்தில் மேற்கே மலைகளைத் தாண்டி வரும் காற்று, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வறட்டுக் காற்றாகத்தான் இங்கே இறங்குகிறது. மாசி, பங்குனிப் பிற்பகல்களில் காற்றில் ஈரமே இருப்பதில்லை. மார்கழி, தைப் பனியில் முகம் இழுக்கிறது என்று சொல்லாதவர்கள் குறைவு. போதாததற்கு, இரவெல்லாம் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும், வசதி இருந்தால் ஏசியும். வியர்வை தோலின் மேலே ஓடுகிற தண்ணீர். அது உலரும்போது உப்பை விட்டுச் செல்லுமே தவிர மேலடுக்குக்குள் போய்த் தங்காது. கோரிப்பாளையம் மேம்பால வேலைப் புழுதியைக் கழுவ ஒரு நாளில் எத்தனை முறை சோப்புப் போட்டோம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எதைப் பூசுவது? பெரியாஸ்பத்திரிக்கு (ராஜாஜி அரசு மருத்துவமனை) எதிரே பனகல் சாலையில் வரிசையாக நிற்கும் மருந்துக்கடைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பெட்ரோலியம் ஜெல்லியைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வேன். ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை பெற்ற பொருள். (தினம் ஒரு கரண்டி விழுங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்தார் என்பது உண்மை. நாம் பூசுவதோடு நிறுத்திக்கொள்வோம்.) நீரிழப்பைத் தடுப்பதில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. தோல் மருத்துவ நூல்கள் இதற்கு 98 சதவீதம் வரை கொடுக்கின்றன. கனிம எண்ணெய், சிலிக்கோன் போன்றவற்றுக்கு 20, 30 சதவீதம்தான். மேலே மூடி உட்கார்ந்துகொண்டு தோலை மூச்சுமுட்ட வைக்கும் என்ற பயமும் ஆதாரமில்லாதது. தோல் நுரையீரல்போல மூச்சு விடுவதில்லை. 1992இல் கதியாலி, இலையாஸ் முதலானோர் செய்த ஆய்வில், ஜெல்லி மேலடுக்கின் இடுக்குகளுக்குள் இறங்கியது, கெட்டுப்போன தடுப்பு தன்னைச் சரிசெய்துகொள்வதற்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை என்று தெரிந்தது. பெட்ரோலியத்திலிருந்து வருவது விஷமல்லவா என்பவர்களுக்குச் சொல்லத்தக்க பதில் சுத்திகரிப்பு. அரைகுறையாகச் சுத்திகரித்ததில் கேடான பொருட்கள் இருக்க வாய்ப்புண்டு; ஐரோப்பாவில் அதற்குத் தடையே இருக்கிறது. டப்பாவில் ‘ஐ.பி.’ என்று இருந்தால் இந்திய மருந்துநூலின் தரத்தில் சுத்திகரித்தது என்று பொருள். அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

ஜெல்லியிடம் ஒரு குறை உண்டு. அது தண்ணீரைத் தராது, இருப்பதை மட்டும் காக்கும். காய்ந்த முகத்தில் பூசினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறோம். அதனால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் மிச்சமிருக்கும்போதே கொண்டைக்கடலை அளவு எடுத்து, உள்ளங்கையில் இளக்கி, முகத்தில் ஒற்ற வேண்டும். வழவழவென்று மின்னினால் அளவு கூடிவிட்டது. படுக்கப்போகும் நேரத்துக்கு அரைமணி முன்பே பூசிவிட்டால் தலையணை உறையில் பாதி போகாது.

தேங்காய் எண்ணெய் இருக்க இதெல்லாம் எதற்கு என்பதுதான் வீடுகளில் எழும் வலுவான எதிர்ப்பு. அதை நான் தள்ளிவிட மாட்டேன். பிலிப்பைன்ஸில் 34 பேரை வைத்து நடந்து 2004இல் வெளியான ஆய்வில், வறண்ட தோலுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயும் கனிம எண்ணெயும் ஏறக்குறைய சமமாகவே வேலை செய்தன. ஆனால் அது கால்களில் பார்த்த சோதனை. முகத்தில் பரு வரும் வாகுள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கக்கூடியது. ஆலிவ் எண்ணெய் நிலைமை இன்னும் மோசம்: 2013இல் வெளியான ஆய்வொன்றில் அது தோலின் தடுப்பைச் சிதைத்தது, சூரியகாந்தி எண்ணெய் சிதைக்கவில்லை. இயற்கைப் பொருள் என்ற ஒரே தகுதி போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கடலை மாவு, பச்சைப்பயறு மாவு இவை எண்ணெய்ப்பசையை உறிஞ்சுபவை. எண்ணெய் வழியும் முகத்துக்கு நல்லது, வறண்ட முகத்துக்கு இரவில் அவற்றைப் போட்டுத் தேய்ப்பது நேர் எதிரான காரியம்.

விலை கூடிய டப்பாக்களில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டால், நீரை இழுத்துப் பிடிக்கும் பொருட்கள் இருக்கின்றன: கிளிசரின், யூரியா, ஹயலுரானிக் அமிலம். இவற்றில் கிளிசரின் மலிவானது, நிரூபணமும் அதிகம். ஆனால் காற்று வறண்டிருக்கும்போது இவை காற்றிலிருந்து எடுப்பதில்லை. தோலின் ஆழத்திலிருந்துதான் நீரை மேலே இழுக்கின்றன. மேலே மறிக்க எதுவும் இல்லாவிட்டால் இழுத்த நீரும் ஆவியாகிவிடும். வெறும் கிளிசரினைக் கெட்டியாகத் தடவிக்கொண்டு படுத்துவிட்டு எரிகிறது என்பவர்களின் பிரச்சினை இதுதான். பன்னீரில் கலக்கி, அதன் மேல் மெல்லிய ஜெல்லி என்ற பழைய கூட்டணி ஆயிரம் ரூபாய்ப் பூச்சு செய்கிற வேலையைச் செய்துவிடும். லேபிளைப் படிக்கவும் பழகிக்கொள்ளலாம். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அட்டையின் முகப்பில் குங்குமப்பூ படமிருந்து, பட்டியலில் அது வாசனைப்பொருளுக்கும் பின்னால் கிடந்தால் நீங்கள் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். செராமைடு சேர்ந்த க்ரீம்களுக்குத் தனி நியாயம் உண்டு. ஜெல்லியின் பிசுபிசுப்பு தாளாதவர்கள், பருவுள்ளவர்கள் அதை வாங்கலாம்.

கோரிப்பாளையம் தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னொரு கேள்வியும் எழும். தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது தண்ணீர் தோலில் படாமல் தடுக்கும் படலம் இருக்கலாமா? மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். நடைமுறையில் சொல்ல முடிந்தது, இரவின் இஷாத் தொழுகை முடிந்த பிறகு பூசி, விடியற்காலை சுபுஹுக்கு எழுந்ததும் ஈரத்துணியால் வழித்து, மென்மையான கழுவுதிரவத்தால் கழுவிவிட்டால் படலம் தங்காது. ஐந்து வேளை முகம் நனைவதால் தோல் கெட்டுப்போகாதா என்றால், சோப்பில்லாத தண்ணீர் அவ்வளவு கெடுக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் தானாகக் காயவிடாமல் ஒற்றி எடுப்பது நல்லது.

சோதித்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் முழங்கையின் உட்பக்கம் சில இரவுகள் தடவிப் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் முகம். முழு முகத்துக்கும் ஒரே க்ரீமைப் போட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பது தீர்ப்பாகாது. அன்று மழை பெய்திருக்கலாம், ஏசி போடாமல் இருந்திருக்கலாம். இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் மற்றொன்று என்று பூசினால் வானிலையும் தண்ணீரும் இரண்டுக்கும் பொது; வித்தியாசம் பூச்சுக்கே உரியது. மருத்துவ ஆய்வுகளிலும் பாதி முகச் சோதனை உண்டு. காலையில் கண்ணாடியில் தெரியும் பளபளப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அது ஒட்டியிருக்கும் பசை. கழுவிய பிறகு, நண்பகல்வாக்கில் எந்தக் கன்னம் இழுக்கிறது என்று பாருங்கள். மேலடுக்கு தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும், ஒரே இரவில் முடிவு சொல்லும் விளம்பரத்தை ஒதுக்கிவிடலாம்.

ஒரே வாரத்தில் வறட்சியும் போய் முகமும் வெளுக்கிறது என்றால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். ‘நைட் க்ரீம்’ என்ற பெயரில் கைமாறும் சில குழாய்களில் இருப்பது ஸ்டீராய்டு. 2011இல் வெளியான இந்திய ஆய்வில், முகத்துப் பிரச்சினையோடு தோல் மருத்துவர்களிடம் வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018இல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று அறிவித்தும், கேட்டால் கொடுக்கும் கடைகள் இல்லாமல் போகவில்லை. அவற்றைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, நிறுத்தினால் எரியும். பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம்கள் இன்னொரு வகை. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் அவற்றைப் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

செதில் உரிவதெல்லாம் வறட்சியல்ல. மூக்கோரத்திலும் புருவத்திலும் மட்டும் எண்ணெய்ப்பசையோடு உரிகிற செதில் பெரும்பாலும் பொடுகு வகை. அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் பெருகக்கூடும். வெளிறிய திட்டு இருந்து அங்கே தொடுஉணர்வு குறைந்திருந்தால் அது க்ரீம் விஷயமே அல்ல, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று நான்கு வாரம் சோப்பைக் குறைத்து, ஈரத்தின் மேல் ஜெல்லி பூசியும் முகம் தேறவில்லை என்றால் ராஜாஜி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட க்ரீம் டப்பா, குழாய் அத்தனையையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள், கடைக்காரர் பெயர் சொல்லாமல் கொடுத்ததையும் சேர்த்து.