ஆண்ட்ராய்டு யுனிக்ஸ் வகையா?

'யுனிக்ஸ் வகை இயங்குதளத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக' என்று ரெண்டு மார்க் கேள்வி வந்தால், லினக்ஸ் என்று எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். ஒருத்தர் ஆண்ட்ராய்டு என்று எழுதினால் மார்க் போடலாமா? ஹாஸ்டல்ல பாதி ராத்திரி வரைக்கும் ஓடக்கூடிய சண்டை இது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 கணினியில் தொடங்கியது யுனிக்ஸ். அதன் வாரிசு யார்?

ரத்த உறவு பார்த்தால் ஃப்ரீபிஎஸ்டி. பெல் ஆய்வகத்தின் மூல நிரலை வைத்து பெர்க்லி பல்கலைக்கழகம் வளர்த்த பிஎஸ்டியின் வழி வந்தது. ஆனால் அது தன்னை 'யுனிக்ஸ்' என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வணிகப்பெயர் ஓப்பன் குரூப் அமைப்பின் கையில் இருக்கு. சோதனையில் தேறி, கட்டணம் கட்டினால்தான் பெயர். மேக் ஓஎஸ் 2007-இல் வாங்கியது. வேடிக்கை என்னன்னா, லினக்ஸ் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக எழுதியது, யுனிக்ஸ் நிரல் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் ஹுவாவேயின் ஆய்லர் ஓஎஸ் என்ற லினக்ஸ் சான்றிதழ் வாங்கிடுச்சு. பெத்த பிள்ளைக்குக் குடும்பப்பெயர் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைச்சது!

அதனால் நடத்தையைப் பார்ப்பதே சரி என்பது என் கட்சி. ஃபோர்க், பைப், ஃபைல் டிஸ்கிரிப்டர் இருக்கா? விண்டோஸில் புது ப்ராசஸ் பிறப்பது வேறு வழி, அங்கே கிரியேட்ப்ராசஸ். ஆண்ட்ராய்டிலோ ஒவ்வொரு ஆப்பும் ஸைகோட் என்ற தாய் ப்ராசஸிலிருந்து ஃபோர்க் ஆகித்தான் பிறக்குது. ஒவ்வொரு ஆப்புக்கும் தனி யூசர் ஐடி வேற. பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாட்டை, ஆப்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கப் பயன்படுத்திட்டாங்க. ஆனா ஆப் எழுதுறவங்க கண்ணில் இதெல்லாம் படாது. அவங்களுக்குத் தெரிவது பெரும்பாலும் ஜாவா, காட்லின். கெர்னல் பக்கம் ஆமாம், ஆப் பக்கம் இல்லை. நானா இருந்தால் ரெண்டுக்கு ஒன்றரை போடுவேன்.

'எது பிரபலம்' என்பதும் இதைப் பொறுத்ததுதான். ஆண்ட்ராய்டைச் சேர்த்தால் யுனிக்ஸ் வகை உலகத்தையே நிறைக்கும். சான்றிதழ் உள்ளதை மட்டும் எண்ணினால், நம்ம கண்ணில் படுவது பெரும்பாலும் மேக்தான். மேசைக் கணினியில் இன்னும் விண்டோஸ் ராஜ்ஜியம். சூப்பர் கம்ப்யூட்டர்களிலோ, 2017 நவம்பர் பட்டியலின் 500-உம் லினக்ஸ்.

போனில் டெர்மக்ஸ் போட்டு 'யூநேம்' என்று அடிச்சுப் பாருங்க. லினக்ஸ் என்று வரும். சான்றிதழ் வாங்கின மேக்கில் அடிச்சால் வருவது 'டார்வின்'.