கை ஹாரன்: எதைப் பார்த்து வாங்குவது?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் மாணவர் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, "ரோபோ, எலெக்ட்ரிக் கார்னு ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா" என்றார். அதையெல்லாம் எழுத நம் மெக்கானிக்கல் பிரிவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது உள்ளங்கைக்குள் அடங்குகிற, அழுத்தினால் 'பாம்' என்று அலறுகிற ஒரு சாமானைப் பற்றி. சிரிக்காதீர்கள் நண்பர்களே. அது இல்லாத காரணத்தால் போன தை மாதம் ஒரு காலை முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடற்கரையோரம். அப்பாவும் சித்தப்பாவும் 28 அடி ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அன்று விடியற்காலை மூன்று மணிக்குப் போன படகு ஏழு மணிக்குக் கரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரையில் நின்றால் இருபதடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் படகு தெரியாத அளவுக்குப் பனி. என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நடுவழியில் இன்ஜின் நின்றுவிட்டது. செல்போன் உப்புத்தண்ணீரில் நனைந்து செத்துப்போயிருந்தது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரிலிருந்து தேடிப்போன படகுகளில் இரண்டு அவர்களுக்குப் பக்கத்திலேயே போயிருக்கின்றன. அந்த இன்ஜின் சத்தம் அப்பாவுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. இவர்கள் போட்ட சத்தம்தான் அவர்களுக்குக் கேட்கவில்லை. "தொண்டை கிழியக் கத்துனோம்டா. அலுமினியச் சட்டியைத் துடுப்பால அடிச்சோம். அவன் பாட்டுக்குப் போறான்" என்றார் சித்தப்பா. நடுவில் ஒரு விசைப்படகு பனிக்குள்ளிருந்து வந்து, இவர்கள் படகு ஆட்டம் காணும் அளவுக்கு அருகில் கடந்துபோயிருக்கிறது. பதினோரு மணிக்குப் பனி விலகியபிறகுதான் ஆள் கிடைத்தார்கள்.

அந்த வாரமே ஒரு ஹாரன் வாங்கினேன். தப்பான ஹாரன். பக்கத்து டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில், கிரிக்கெட் மேட்ச்சில் ஊதுகிற வகை. டப்பாவில் '120 டெசிபல், ஒரு மைல் கேட்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பில்கூட வாங்கவில்லை. இரண்டே மாதத்தில் 'உஸ்ஸ்' என்று காற்று மட்டும் வந்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த மெல்லிய தகடு உப்புப் பூத்து நாசிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்துதான் இந்தச் சாமானை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தத் தகட்டைப் புரிந்துகொள்வோம். அதுதான் டயாஃப்ரம். டப்பாவிலிருந்து வரும் கேஸ் அதற்குப் பின்னால் உள்ள அறையில் நிறைந்து, தகட்டை நாசிலின் விளிம்பிலிருந்து தூக்குகிறது. இடைவெளி வழியாகக் கேஸ் புனலுக்குள் பாய்கிறது. உடனே அழுத்தம் குறைய, தகடு 'டப்' என்று திரும்ப உட்காருகிறது. இது விநாடிக்குச் சில நூறு தடவை நடக்கிறது. அந்தத் துடிப்பு வீணாகாமல் வெளிக்காற்றுக்குப் போய்ச் சேர உதவுவது முன்னால் விரிந்திருக்கும் புனல். கோயில் திருவிழாவில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கருக்கும் அதே வேலைதான். ஆகவே நல்ல ஹாரன் என்றால் பெரிய டப்பா என்று அர்த்தமில்லை. துருப்பிடிக்காத தகடு, உப்பு தின்னாத ஸ்பிரிங், கழற்றித் துடைத்து மாட்டக்கூடிய மூடி, இவைதான். கடையில் கையில் எடுத்ததும் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். ஒட்டி மூடிய ஹாரன் கடலுக்கு ஆகாது.

இனி டெசிபல். இந்த எண் எத்தனை தூரத்தில் அளந்தது என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு மீட்டரில் 120 என்பது வேறு, வாயருகே பத்து சென்டிமீட்டரில் 120 என்பது வேறு. இரண்டுக்கும் 20 டெசிபல் வித்தியாசம். நம் பிசிக்ஸ் பாடப்படி தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். ஒரு மீட்டரில் 120 என்றால் 10 மீட்டரில் 100, 100 மீட்டரில் 80, ஒரு கிலோமீட்டரில் 60. அதாவது எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிற அளவு. இதுவும் காற்றில்லாத, தடையில்லாத, காகிதத்துக் கடலில். எதிர்க்காற்று அடித்தால் சத்தம் மேல்நோக்கி வளைந்துவிடும். கேட்பவர் இருக்கும் இடம் சத்தத்தின் நிழலில் விழுந்துவிடும். வெயிலில் மரநிழல் விழுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 60 டெசிபல், தடதடவென்று ஓடும் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு எப்படி எட்டும்? இதைச் சோதித்துப் பார்க்கவே விடுமுறையில் நண்பர்கள் இரண்டு பேரை ஊருக்குக் கூட்டிப்போனேன். கழிமுகத்தில் கட்டியிருந்த படகில் ஒருவன் உட்கார்ந்துகொண்டான். நான் கரையோரமாக நடந்து நடந்து ஊதினேன். புதிதாக வாங்கிய கேஸ் ஹாரன், வாயால் ஊதும் பிளாஸ்டிக் ஹாரன், லைஃப் ஜாக்கெட் விசில், மூன்றையும். படகு இன்ஜின் ஓடும்போது விசில் அறுபது தப்படியிலேயே காணாமல் போனது. வாய் ஹாரன் நூறு. கேஸ் ஹாரனே இருநூறு தப்படியைத் தாண்டவில்லை. பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு அதே சோதனையைச் செய்தோம். கேஸ் ஹாரன் மணல்திட்டின் கடைசி வரை, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கமும் கேட்டது. வாய் ஹாரனும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்! "இன்ஜினை அமத்துனா ஊர்ல குழந்தை அழறதே கேக்குதுடா" என்றான் அவன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவைத் தேடிப்போனவர்கள் ஒருமுறையாவது இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்திருந்தால், ஒருவேளை அலுமினியச் சட்டியே போதுமாக இருந்திருக்கும். ஹாரன் வாங்குவது பாதி வேலை. மீதிப் பாதி எதிர்ப்படகில் இருக்கிறது.

எந்த வகை என்று கேட்பீர்கள். கேஸ் ஹாரனில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. நம் குளிர்பதன லேபில் பார்த்த அதே வாயு, கார் ஏ.சி.யில் ஓடுவது. தீப்பிடிக்காது. சில மலிவு டப்பாக்களில் புரொப்பேன், பியூட்டேன் கலவை இருக்கும். படகில் ஸ்டவ் பற்றவைத்து டீ போடுகிறவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். ஆர்-134ஏ டப்பாவுக்குள் திரவமாக இருக்கிறது. ஊத ஊத அது கொதித்து ஆவியாகிறது. அதற்கான உள்ளுறை வெப்பத்தை டப்பாவிடமிருந்தே பிடுங்குகிறது. டப்பா சில்லிட்டுப் போகும். 30 டிகிரியில் ஏழரை பாருக்கு மேல் இருந்த அழுத்தம் பூஜ்ஜியம் டிகிரியில் மூன்று பாருக்கும் கீழே இறங்கிவிடும். சத்தமும் இறங்கும். அதனால்தான் விட்டு விட்டு ஊத வேண்டும். டப்பாவை நேராகப் பிடிக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் திரவமே வந்து தகட்டை உறையவைத்துவிடும். வெயிலிலும் போடக்கூடாது. 50 டிகிரியில் அழுத்தம் 13 பாரைத் தாண்டுகிறது.

'நூறு முறை ஊதலாம்' என்று போட்டிருப்பதும் அநேகமாகக் குட்டி ஊதல் கணக்குத்தான். கடல் விதி சொல்லும் நீண்ட ஊதல் 4 முதல் 6 விநாடி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 5 விநாடி ஊதினால் மணிக்கு 150 விநாடி. நூறு விநாடி டப்பா நாற்பது நிமிடத்தில் காலி. அப்பா உட்கார்ந்திருந்தது ஆறேழு மணி நேரம்! ஆகவே கேஸ் ஹாரன் மட்டும் என்று எந்தப் படகும் போகக்கூடாது என்பது என் கட்சி. கூடவே மூச்சு இருக்கும்வரை வேலைசெய்யும் வாய் ஹாரன் ஒன்று கட்டாயம் வேண்டும். சைக்கிள் பம்பால் காற்றடித்து ஊதும் வகையும் இருக்கிறது. யோசனை நல்லதுதான், ஆனால் ஆடுகிற படகில், ஈரக்கையோடு, பம்பைத் தேடி... எனக்குப் பிடிக்கவில்லை.

"பஸ் ஏர் ஹாரனைக் கழற்றி மாட்டிடலாமே?" என்று ஆட்டோமொபைல் பிரிவு நண்பன் கேட்டான். அதற்குக் காற்றுத் தொட்டியும் கம்ப்ரசரும் வேண்டும் அப்பனே. மேலும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பல சுரத்தில் அலறும் அந்த ஹாரன் ரோட்டிலேயே கூடாது.

விதியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1972-ம் ஆண்டு சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள், 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களில் ஊதுகுழல் இருந்தே ஆகவேண்டும் என்கின்றன. எங்கள் 28 அடிப் படகு எட்டரை மீட்டர்தான். அதற்குக் குறிப்பிட்ட கருவி கட்டாயமில்லை, ஆனால் நன்றாகக் கேட்கும்படி ஒலி எழுப்ப ஏதாவது ஒரு வழி இருக்கவேண்டும். பனியில் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் அதை எழுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஆபத்து என்றால் பனிக்கால ஒலிக்கருவியைத் தொடர்ந்து ஒலிப்பதே அடையாளம். அவசரத்தில் மூன்று குட்டி ஊதல் ஊதிவிடாதீர்கள். கடலில் அதற்கு 'இன்ஜினைப் பின்னோக்கி இயக்குகிறேன்' என்று அர்த்தம். ஐந்து குட்டி ஊதல் என்றால் 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை' என்று பொருள். எங்கள் ஊர் டீக்கடைக்கும் பொருந்தும்.

ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. பெரிய கப்பலை இந்த ஹாரன் தடுக்காது. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன மீன்பிடிப் படகின்மீது கப்பல் மோதி, குமரி மாவட்டத்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். கண்ணாடிக் கதவுகளை மூடிக்கொண்டு உயரத்தில் நிற்கும் கப்பல்காரர் காதுக்கு நம் கை ஹாரன் எட்டும் என்று நம்பி இருக்க முடியாது. அங்கே விளக்கும், ரேடார் பிரதிபலிப்பானும், வி.எச்.எஃப். 16-வது சேனலும்தான் பேசவேண்டும். போன் எடுத்தால் கடலோரக் காவல்படையின் 1554. ஹாரன் என்பது அரை கிலோமீட்டருக்குள் வந்துவிட்ட நம்மவர், நம்மைத் தாண்டிப் போய்விடாமல் இருக்க.

மலையேறப் போகும் நண்பர்களுக்கு இரண்டு வரி. உங்களுக்குக் கேஸ் டப்பா சுமை. விசில் போதும், ஆனால் உள்ளே குண்டு உருளும் விசில் வேண்டாம். ஈரத்திலும் மண்ணிலும் குண்டு சிக்கிக்கொள்ளும். கனடாவின் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கூடைப்பந்து நடுவர், 1980-களில் தன் விசில் ஒருமுறை ஊதாமல் போன கோபத்தில் குண்டில்லாத ஃபாக்ஸ் 40 விசிலைக் கொண்டுவந்தார். அந்த மாதிரி வாங்குங்கள். பையின் அடியில் போடாமல் கழுத்தில் கட்டுங்கள். ஆல்ப்ஸ் மலை வழக்கப்படி நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று வரும். அந்த ஒரு நிமிட மௌனம் ஓய்வுக்கு அல்ல, கேட்பதற்கு.

எங்கள் ஊரிலும் இப்போது அப்படி ஒரு பேச்சு முடிவாகியிருக்கிறது. கூட்டத்தில் நான் பேசவில்லை, பயம். சித்தப்பாதான் எழுந்து, "தேடிப் போறவன் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா இன்ஜினை அமத்தி ஒரு நிமிசம் காது குடுக்கணும். ஒரு ஊதல் ஊதிட்டுக் கேக்கணும்" என்றார். பெரியவர் ஒருவர், "டீசலை யாரு குடுப்பா?" என்று கேட்டார். "நின்னா டீசல் மிச்சம்தானே மாமா" என்றதும் கூட்டம் சிரித்துவிட்டது. அதோடு சரி என்றாகிவிட்டது.

எங்கள் படகில் இரண்டு ஹாரனும் அகல வாய் ஊறுகாய் ஜாடிக்குள், இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கையால் திறக்கிற மாதிரி இருக்கின்றன. கயிறு கட்டியிருக்கிறேன். ஊதும்போது கையை நீட்டி, பக்கத்தில் இருப்பவர் காதைவிட்டுத் திருப்பி ஊதவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். 120 டெசிபல் காதருகே வலிக்கும் அளவு. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து அரை விநாடி ஊதிப் பார்ப்பது என் வேலை. மிச்சக் கேஸ் எவ்வளவு என்று குலுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, எடைதான் சொல்லும். புதிதாக வாங்கிய அன்றே எடை போட்டு அடியில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன். போன வாரம் மீன் நிறுக்கும் தராசில் வைத்தால் 12 கிராம் குறைகிறது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சும்மா ரெண்டே ரெண்டு தடவைதாண்ணே" என்றான்.