டயருக்குள் ஒரு வாயு விதி

பௌதிகச் சோதனைச் சாலையில் ஜாலி குமிழ்ச் சோதனையை இருமுறை செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அதே சோதனை என் சித்தப்பாவின் லாரிச் சக்கரத்திலும் நடக்கிறது என்பதை ஒரு கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன்.

உச்சி வெயிலில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினோம். விடியற்காலையில் 27 டிகிரி செல்சியஸில் சதுர அங்குலத்துக்கு 105 பவுண்டு காட்டிய டயர், இப்போது 117 காட்டியது. "காத்து ஏறிப் போச்சு, இல்லாட்டி வெடிச்சிடும்" என்று சித்தப்பா வால்வை அழுத்தி மீண்டும் 105-க்கு இறக்கினார்.

இரவு லாரியிலேயே அமர்ந்து கணக்குப் போட்டேன். பருமன் மாறாத வாயுவின் அழுத்தம் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் மாறும். அப்படியானால் 117 பவுண்டில் டயர்க் காற்றின் சூடு என்ன? விடை 30 டிகிரி என்று வந்தது. தொட்ட கை சுட்டதே, வெறும் முப்பதா? பிறகுதான் புத்தி வந்தது. செல்சியஸின் பூஜ்யம் பனிக்கட்டி உருகும் நிலை; விதிக்கு வேண்டியது கெல்வின் 1848-இல் முன்மொழிந்த தனி வெப்பநிலை. 273 கூட்டினேன். 61 டிகிரி வந்தது.

அதுவும் முழுச் சரியன்று. ஜாலி கருவியில் பாதரச மட்டங்களின் வேறுபாட்டோடு பாரமானியின் அளவையும் கூட்டுவோம் அல்லவா? டயர் மானியும் வெளிக்காற்றைவிட உள்ளே மிகுந்திருப்பதை மட்டுமே காட்டுகிறது. வளிமண்டலத்தின் 15 பவுண்டைச் சேர்த்தால் காலையில் 120, நண்பகலில் 132. பத்தில் ஒரு பங்கு உயர்வு. 300 கெல்வின் 330 ஆகியிருக்கிறது. அதாவது 57 டிகிரி.

இனி, சித்தப்பா இறக்கிய காற்றைப் பார்ப்போம். சூட்டில் 105 என்பது, ஆறியபின் 94 ஆகிவிடும். மறுநாள் விடியலில் மானியை வைத்தேன்; முள் 94-ஐ ஒட்டி நின்றது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலே ரப்பரைச் சுட வைக்கிறது. டயரைக் கொதிக்க வைப்பதில் வெயிலைவிட இதற்கே பெரும் பங்கு. வெடிக்காதிருக்க இறக்கிய காற்று, வெடிப்பதற்கே வழி செய்கிறது! டயருக்குக் குறிப்பிடப்படும் அழுத்தம் ஆறிய டயருக்கு உரியது. ஓட்டத்தில் ஏறும் பவுண்டுகளுக்கும் இடம் வைத்தே அதனைக் குறிக்கிறார்கள்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "முப்பது வருஷமா ஓட்டறேன் தம்பி. வெடிச்சா உன் கணக்கு நோட்டா டயர் வாங்கித் தரும்?" என்றார். எனினும் 105-க்குக் காற்று அடித்துக்கொண்டார்.

அன்று நண்பகலிலும் மானி 117 காட்டியது. வால்வருகே போன அவர் கை சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு மூடியைத் திருகிவிட்டு, "டீ குடிக்கலாம் வா" என்றார்.