இருமலுக்கு வரும் பதில்

ராபர்ட்சன்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

'சந்தியா ராகம்' பார்த்துவிட்டு நீ கேட்டது ஒரு வாரமாக மண்டைக்குள் குடைகிறது. "பெரியவரைச் சுற்றி எந்நேரமும் ஆள் இருக்கிறதே ஐயா, இது எப்படித் தனிமைப் படம்?" உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. சுழலும் மின்விசிறி, ஜன்னலோரம் ஒரு முகம், பத்து நிமிடம் மௌனம். கையில் காசில்லாமல் படமெடுக்கும் பிள்ளைகள் தனிமை என்றால் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சோம்பேறித்தனம்!

பாலு மகேந்திரா 1989இல் அந்தப் படத்தில் செய்ததைத் திரும்பப் பார். மனைவியை இழந்த கிழவர் ஊரைவிட்டுச் சென்னைக்கு, மகன் முறையாகிறவன் வீட்டுக்கு வருகிறார். அங்கே யாரும் கொடியவர் இல்லை. இடமும் சம்பளமும்தான் போதவில்லை. கிழவராக நடித்த சொக்கலிங்க பாகவதர் தனியாகிப் போவது அந்த நெரிசலுக்குள்ளேதான்.

இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'உம்பெர்த்தோ டி.' (1952) பற்றி நூறு தடவை சொல்லியிருப்பேன், இன்னொரு தடவை கேள். ஓய்வூதியம் வாடகைக்கே போதாத கிழவர், துணைக்கு ஒரு நாய். நடித்த கார்லோ பத்திஸ்தி தொழில்முறை நடிகரே இல்லை, மொழியியல் பேராசிரியர். (மொழி படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் கர்வம். சிரித்துக்கொள்.) பிச்சை கேட்கத் துணிந்து உள்ளங்கையை நீட்டுகிறார். ஒருவர் காசு போட வரும் கணத்தில் கையைக் கவிழ்த்து, தூறல் விழுகிறதா என்று பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார். பிறகு தொப்பியை நாயின் வாயில் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். வெட்கப்படுவதற்கு எதிரில் ஆள் வேண்டும், தம்பி. ஆளில்லாத அறையில் வெறும் அறைதான் தெரியும். இந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும், சொல்.

நம் ஊரான கோலார் தங்கவயலில் படமெடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின்மேல் ஒருவரை நிற்கவைத்துத் தூரத்திலிருந்து எடுக்காதே. வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை அது. விடியற்காலையில் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போ. 2001 பிப்ரவரி 28இல் மைன்ஸ் மூடியபின், பிழைப்புக்குப் பெங்களூர் போகிற கூட்டம் அங்கே நிற்கும். ரயில் போனதும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு வா. பகலில் பெரும்பாலும் கிழடுகள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பாறைத்தூசு தின்ற நெஞ்சு இந்தப் பக்கம் இருமினால், அந்தப் பக்கமிருந்து "தண்ணி குடிச்சியாப்பா?" என்று குரல் வரும். முகம் பார்த்துக்கொள்ளாமலே நாள் முழுக்க இப்படிப் போகும்.

அந்தக் குரலை ஒழுங்காகப் பதிவு செய். கேமரா எதுவானாலும் பரவாயில்லை, வாடகைக்காவது நல்ல மைக் எடு.

அன்புடன்,
உன் பழைய தமிழ் வாத்தியார்