எசேக்கியேல் கண்ட ஆலயம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை முழுவதும் பார்த்தேன். டெக்சாஸிலிருந்து இஸ்ரவேலுக்குக் கொண்டுபோன ஐந்து சிவப்புக் கிடாரிகளைக் காட்டி, மூன்றாம் ஆலயம் எழும்பப்போகிறது, முடிவு வாசலுக்கு வந்துவிட்டது என்று பேசுகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து படிப்பில் மனம் நிற்கவில்லை, ஆலயம் கட்டின பிறகுதான் இயேசு வருவாரா என்று கேட்டிருக்கிறாய். பயந்து கேட்கிற கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடிக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கிடாரிகள் வந்தது உண்மை. 2022 செப்டம்பரில் வந்தன. நுகம் பூட்டாத, பழுதில்லாத சிவப்புக் கிடாரியைச் சுட்டெரித்து, அந்தச் சாம்பலை நீரில் கலந்து தெளித்தால் பிணத்தைத் தொட்ட தீட்டு நீங்கும் என்பது எண்ணாகமம் 19இல் உள்ள சட்டம். ஆலய ஊழியத்துக்கு இந்தச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கருதுகிறவர்கள் எருசலேமில் இருக்கிறார்கள். 1987இல் அங்கே தொடங்கிய ஆலய நிறுவனம் ஆசாரிய உடைகளையும் பாத்திரங்களையும் பொன் குத்துவிளக்கையும்கூடச் செய்துவைத்திருக்கிறது. ஆனால் யூதர்கள் எல்லாரும் இப்படி நினைப்பதில்லை. இஸ்ரவேலின் தலைமை ரபிமார், ஆலயம் இருந்த மலையின்மேல் ஏறுவது தகாது என்று அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். செய்தியை இந்த அளவோடு நிறுத்திவிட்டு வேதத்தைத் திற. எசேக்கியேல் 40ஆம் அதிகாரம்.

வேதத்தை ஆண்டுக்கொருமுறை வாசித்து முடிக்கிறவர்களும் வேகமாகத் தாண்டிப்போகிற பகுதி இது. ஒன்பது அதிகாரங்கள். வாசல் இத்தனை முழம், தூண் இத்தனை முழம் என்று ஓயாமல் அளவு. இதை எழுதினவர் யார் என்று தெரியாமல் வாசித்தால் சலிப்புத்தான் வரும்.

எசேக்கியேல் ஆசாரிய குடும்பத்தில் பிறந்தவர். கி.மு. 597இல் யோயாக்கீன் ராஜாவோடு சிறைப்பட்டு பாபிலோனுக்குப் போனார். கேபார் நதியண்டையில், சிறைப்பட்டவர்களின் நடுவே குடியிருந்தார். அவருடைய புத்தகத்தின் முதல் வசனம் சொல்கிற முப்பதாம் வருஷத்தை அவருடைய வயது என்று வேத அறிஞர் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பது என்றால் ஆலயப் பணிவிடைக்குள் நுழைகிற வயது. எண்ணாகமம் 4ஐப் பார், முப்பதில் தொடங்கி ஐம்பதில் முடிகிறது. எருசலேமில் இருந்திருந்தால் பிராகாரத்துக்குள் போயிருக்க வேண்டிய வயதில், அந்நிய தேசத்து ஆற்றங்கரையில் அவருக்குத் தரிசனம் வருகிறது. சில ஆண்டுகள் கழித்து, எருசலேமின் முற்றுகை தொடங்கிய காலத்தில், அவருடைய மனைவி இறந்துபோனார். அழக்கூடாது என்று கர்த்தர் அவருக்குச் சொன்னார். உங்கள் கண்ணுக்கு இன்பமான ஆலயமும் இப்படித்தான் எடுபடப்போகிறது என்று ஜனங்களுக்கு அது அடையாளமாக வேண்டுமாம். 24ஆம் அதிகாரத்தை வாசிக்கிற ஒவ்வொரு தரமும் அந்த மனுஷனுக்காக என் நெஞ்சு கனத்துப்போகிறது.

கி.மு. 586இல் ஆலயம் எரிந்தது. கி.மு. 573இல், சிறையிருப்பின் 25ஆம் வருஷத்தில், கடைசித் தரிசனம். வயதுக் கணக்கு சரியென்றால் அப்போது அவருக்கு ஐம்பது. ஒருநாளும் செய்யக் கிடைக்காத ஊழியத்திலிருந்து ஓய்வுபெற வேண்டிய வயது. அந்த ஆண்டில் அவரைக் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப்போகிறார்கள்! வெண்கலம்போல் தோன்றிய புருஷன் கையில் சணல் கயிறும் அளவுகோலும் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக அளந்து காட்டுகிறான். கோல் ஆறு முழம். அதுவும் சாதாரண முழத்தைவிட நாலு விரற்கடை நீளமான முழம். இந்த அளவுகளுக்குப் பின்னால் இருக்கிற ஏக்கத்தை நீ கேட்க வேண்டும், மகளே. எரிந்துபோன வீட்டின் ஒவ்வொரு அறையையும் ஒருவர் நினைவில் நடந்து பார்ப்பதுபோல அவர் நடக்கிறார். ஆனால் பார்ப்பது பழைய வீடு இல்லை.

எப்படிப் புதியது என்று கவனி. உடன்படிக்கைப் பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரதான ஆசாரியன் இல்லை. குத்துவிளக்கு இல்லை. மகா பரிசுத்த ஸ்தலத்துக்குத் திரை சொல்லப்படவில்லை, கதவுகள்தான். அதிபதி என்று ஒருவர் வருகிறார். அவரை இயேசு என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் தமக்காகவும் பாவநிவாரண பலி செலுத்துகிறார், குமாரருக்குச் சுதந்தரம் கொடுக்கிறார் (45:22, 46:16). ஆகவே எனக்கு அது பொருந்தவில்லை. வெளிமதில் ஒரு பக்கத்துக்கு 500 கோல் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். எருசலேமில் இன்றுள்ள ஆலய மேட்டின் மிக நீண்ட பக்கமே அரை கிலோமீட்டருக்குக் குறைவு. முழம் என்றே கொள்ள வேண்டும் என்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். அப்போது 260 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும்.

பலிகளின் கணக்கும் மோசேயின் கணக்கோடு ஒத்துவராது. அமாவாசைக்கு எண்ணாகமம் 28இல் இரண்டு காளைகள், ஏழு ஆட்டுக்குட்டிகள். எசேக்கியேல் 46இல் ஒரு காளை, ஆறு குட்டிகள். இதனாலேயே யூத ஞானிகள் இந்தப் புத்தகத்தை ஒதுக்கிவைக்க இருந்தார்கள் என்றும், எசேக்கியாவின் மகன் அனனியா என்பவர் 300 குடம் எண்ணெயை விளக்குக்கு வைத்துக்கொண்டு மாடியறையில் உட்கார்ந்து முரண்களுக்கு விளக்கம் கண்டார் என்றும் தல்மூத் சொல்கிறது. அவ்வளவு எண்ணெய் எரிந்த இடத்தில் பத்து நிமிட வீடியோ எப்படி முடிவுரை எழுதும்?

இனி, இது எப்போது நிறைவேறும் என்பதற்கு வருகிறேன். பிரதரன் சபைக்காரர்களும் ஸ்கோபீல்டு வேதாகமத்தின் (1909) குறிப்புகளைப் பின்பற்றுகிறவர்களும், இயேசுவின் ஆயிரவருஷ அரசாட்சியில் இந்த ஆலயம் அப்படியே எழும்பும் என்கிறார்கள். நம் ஊரில் நான் மதிக்கிற பல ஊழியர்கள் இதைத்தான் போதிக்கிறார்கள். வேதம் அளவு சொன்னால் அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற அவர்களுடைய பயபக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே மீண்டும் பலிகள் இருக்கின்றன. கிறிஸ்து ஒரே தரம் செலுத்தின பலி போதுமானது என்று எபிரெயர் 10 தெளிவாகச் சொன்ன பிறகு, காளையின் இரத்தம் எதற்கு? நாம் நற்கருணை எடுப்பதுபோல அவை நினைவுகூரும் பலிகள் என்பது அவர்களுடைய பதில். எசேக்கியேலோ அவற்றைப் பாவநிவிர்த்திக்கு என்றே எழுதுகிறார். அதனால் என் மனம் மற்ற பக்கத்துக்குச் சாய்கிறது. ஒரு ஆசாரியனுக்கு அவன் அறிந்த வாசல், பலிபீடம், கொழுப்பு, உப்பு ஆகியவற்றின் மொழியிலேயே தேவன் வருங்காலத்தைக் காட்டினார் என்று நான் வாசிக்கிறேன். மோசேக்கு ஆசரிப்புக் கூடாரத்தை உண்டாக்கு என்று கட்டளை வந்தது. எசேக்கியேலோ, ஏற்கெனவே நிற்கிற ஆலயத்தைப் பார்க்கிறார். ஜனங்கள் தங்கள் அக்கிரமங்களுக்கு வெட்கப்படும்படி அதை அவர்களுக்குக் காட்டு என்பதுதான் 43:10இல் அவருக்குச் சொல்லப்பட்டது. திரும்பிவந்த செருபாபேலின் ஜனங்கள் கி.மு. 515 வாக்கில் ஆலயத்தைக் கட்டி முடித்தபோதும் எசேக்கியேலின் அளவுகளைத் தேடினதாக எஸ்றா புத்தகம் சொல்லவில்லை.

இந்தத் தரிசனத்தின் இருதயம் 43ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. முன்னே 10, 11ஆம் அதிகாரங்களில் கர்த்தருடைய மகிமை ஆலயத்தை விட்டுப் படிப்படியாகப் புறப்படுகிறது. கேருபீன்களைவிட்டு வாசற்படிக்கு, அங்கிருந்து கிழக்கு வாசலுக்கு, பிறகு நகரத்துக்குக் கிழக்கே உள்ள மலைக்கு. போகும்போதே, சிதறிப்போனவர்களுக்கு அந்தந்த தேசங்களில் தாமே கொஞ்சகாலம் பரிசுத்த ஸ்தலமாயிருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார் (11:16). சிறைப்பட்டவர்களுடைய கண்ணீருக்கு நடுவே தேவனே ஆலயமாக இருந்தார்! இப்போது போன வழியாகவே, கிழக்கிலிருந்து, பெருவெள்ளத்தின் இரைச்சலோடு திரும்பிவருகிறார். கல்லும் மதிலும் அவருக்கு இடம் செய்கிறதற்காக மட்டுமே இருக்கின்றன. புத்தகத்தின் கடைசி வரியும் நகரத்துக்கு யேகோவா ஷம்மா என்று பெயரிடுகிறது. கர்த்தர் அங்கே இருக்கிறார் என்று பொருள்.

அவர் வந்து குடியிருந்தால் என்ன நடக்கும் என்பது 47ஆம் அதிகாரம். வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. ஆயிரம் முழம் போனால் கணுக்கால், இன்னும் ஆயிரம் போனால் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு நீந்தித்தான் கடக்க முடியும். வழியில் எந்தக் கிளையாறும் வந்து சேரவில்லை. அது வனாந்தரத்தின் வழியாய் இறங்கி, மீன் பிழைக்காத சவக்கடலில் விழுகிறது. எங்கேதி தொடங்கி எனெக்லாயிம் வரைக்கும் செம்படவர் வலை விரிக்கிறார்கள். சதுப்புகள் மட்டும் உப்புக்காக விடப்படுகின்றன, உப்பும் ஜனங்களுக்கு வேண்டுமே. அதே அதிகாரத்தின் முடிவில், உங்களுக்குள் தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் கோத்திரங்களோடு நிலம் பங்கிட வேண்டும் என்று கட்டளை. ஏசாயா 56இல் அந்நியரையும் அண்ணகரையும் சேர்த்துக்கொள்கிற ஜெபவீடு. சகரியா 14இல் சகல ஜாதிகளும் வந்து ஆசரிக்கிற கூடாரப்பண்டிகை, குதிரைகளின் மணிகளும் சமையல் பானைகளும் பரிசுத்தம். கடைசிக்கால ஆராதனையைப் பற்றித் தீர்க்கதரிசிகள் பேசும்போதெல்லாம் வாசல் அகலமாகிக்கொண்டே போகிறது.

நடந்த சரித்திரம் வேறு மாதிரி இருந்தது. ஏரோதின் ஆலயத்தில் அந்நியர் ஒரு தடுப்புக்கு அப்பால் போகக்கூடாது. மீறினால் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் கல்லில் செதுக்கிவைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட கல் ஒன்று 1871இல் எருசலேமில் கிடைத்தது; இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியனாகிய துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்குள் கூட்டிவந்தார் என்று சொல்லித்தான் பவுலைக் கொல்லப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 21). அதே பவுலின் பெயரால் எபேசுவுக்குப் போன நிருபத்தில், நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார், நீங்களே தேவன் வாசம்பண்ணும் ஆலயமாகக் கட்டப்படுகிறீர்கள் என்று இருக்கிறது. இயேசுவும் ஆலயத்தை இடித்துப்போடுங்கள், மூன்று நாளில் எழுப்புவேன் என்ற பொருளில் பேசியது தம் சரீரத்தைப் பற்றி என்று யோவான் எழுதுகிறார். கி.பி. 70இல் ரோமர் அந்த ஆலயத்தை அழித்தபோது சபை ஆலயமில்லாமல் நிற்கவில்லை.

தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் பாவமனுஷன் தேவனுடைய ஆலயத்தில் உட்காருவான் என்று வருவது கட்டடத்தையா சபையையா என்பதில் ஆதிமுதல் கருத்து வேறுபாடு உண்டு. அதை வைத்து நாள் குறிக்காதே; அந்த நாளை ஒருவனும் அறியான் என்று நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். உன் கேள்விக்கு நேர் பதிலும் அதுதான்: அவர் வருகைக்கு மனுஷர் கட்டுகிற எந்தக் கட்டடமும் பூட்டோ சாவியோ ஆகாது.

கி.பி. 363இல் யூலியன் என்ற ரோமப் பேரரசர் ஆலயத்தைத் திரும்பக் கட்ட ஆள் அனுப்பினார். அஸ்திபாரத்தருகே நெருப்பு வெடித்து வேலை நின்றது என்று அவருடைய படையில் இருந்த வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதியிருக்கிறார். அதைவிட என்னைக் கலங்கவைப்பது 1969 ஆகஸ்ட் 21. டெனிஸ் மைக்கேல் ரோகன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவர், ஆலயம் எழும்ப வழிசெய்வதாக நினைத்து அல்-அக்ஸா மசூதிக்குத் தீவைத்தார். 12ஆம் நூற்றாண்டின் அழகான மரப் பிரசங்க மேடை எரிந்துபோனது. அவருக்கு மனநோய் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனாலும் அந்த நோய் பேசிய சொற்கள் தீர்க்கதரிசனச் சொற்கள். அந்த மேட்டில் ஏழாம் நூற்றாண்டிலிருந்து முஸ்லிம்கள் தொழுதுவருகிறார்கள். இன்றும் அவர்களுடைய வக்பு அதைப் பராமரிக்கிறது. அவர்களை நம் அட்டவணையில் அகற்ற வேண்டிய தடையாகப் பேசுகிற பிரசங்கத்தைக் கேட்டு நீ ஆமென் சொல்லாதே. அந்நியருக்கு நிலம் பங்கிடச் சொன்ன அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு அப்படிப் பேச முடியாது.

யோவான் பத்முவில் கண்டதையும் பார்த்துவிடு. அங்கேயும் ஒருவன் கையில் அளவுகோல், பொற்கோல். நகரத்தின் நீளமும் அகலமும் உயரமும் சமம், 12,000 ஸ்தாதி. வேதத்தில் அப்படிக் கனசதுரமாக இருந்த இடம் சாலொமோனின் ஆலயத்திலுள்ள மகா பரிசுத்த ஸ்தலம், இருபது முழம். பிரதான ஆசாரியன் ஒருவன், ஆண்டுக்கொருமுறை நுழைந்த அறையின் வடிவம் இப்போது ஜாதிகள் குடியிருக்கிற நகரத்துக்கு. ஆலயத்தை நான் காணவில்லை என்கிறார் யோவான்; கர்த்தரும் ஆட்டுக்குட்டியானவரும் அதற்கு ஆலயம். எசேக்கியேலின் நதியும் மாதந்தோறும் கனி கொடுக்கிற மரமும் அங்கே இருக்கின்றன. வாசல்கள் அடைக்கப்படுவதில்லை.

பரீட்சை முடிந்ததும் ஒரே மூச்சில் எசேக்கியேல் 10, 11, 24, 43, 47 இவற்றையும், பிறகு வெளிப்படுத்தின விசேஷம் 21, 22ஐயும் வாசி. பக்கத்தில் ஒரு தாள் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் யார் உள்ளே விடப்படுகிறார்கள் என்று எழுதிக்கொண்டே வா. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவா, அமாவாசைக் காளைகளைப் பற்றி எனக்கே இன்னும் தீராத கேள்விகள் இரண்டு உண்டு, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். பெரியம்மா உன்னை விசாரித்தாள்.

உன் அன்புள்ள,
பெரியப்பா